இருபத்திரண்டு அங்குலம்

ஜூன் 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் மருமகள் எழுதுகிறேன். நான்கு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே, என்ன ஆபத்தோ என்று பதற வேண்டாம். தரை விஷயம்தான்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் உங்கள் கையால் போட்டுக்கொடுத்த டைல்ஸில் ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் டைல்ஸுக்கு நடுவே அடைத்த கிரவுட் விரிசல் விட்டு உதிர்கிறது. பெருக்கினால் முறம் நிறைய மணல் வருகிறது. படுக்கையறையிலிருந்து கூடம் வழியாகப் பாத்ரூம் வரைக்கும் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. இடுக்கை அரை விரல் அகலத்துக்கு விடுகிற ஆள் ஆயிற்றே நீங்கள், பள்ளமும் அதே தாராளம். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கெல்லாம் உக்காந்து யாரும்மா சுரண்டுவா? மொத்தத்தையும் பேத்துட்டுப் புதுசா போட்டுடலாம்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. நானே செய்துவிடலாம் என்று இருக்கிறேன். எப்படி என்று எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள்.

போனில் கேட்டிருப்பேன். டைல்ஸ் வெட்டும் மிஷின் உங்கள் காதைத் தின்று தீர்த்தது எனக்குத் தெரியும். நீங்கள் காவல் இருக்கிற குடோன் நம்பருக்கு அடித்தால் யாரோ லாரிக்காரர் எடுத்து ராங் நம்பர் என்று வைத்துவிடுகிறார்.

நான் எழுதுவது உங்கள் மகனுக்குத் தெரியாது. அவரைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் உங்களிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆகவே எழுத மாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள். தரையைப் பற்றி எழுதக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்க மறந்துவிட்டார்.

அன்புடன்,
மருமகள்


ஜூன் 12

அன்பு மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். இந்தக் குடோனில் பெட்டி பெட்டியாக அடுக்கிய டைல்ஸுக்கு நடுவே படுத்து எழுந்து காவல் காக்கிறேன். முழங்கால் மட்டும் பேச்சைக் கேட்பதில்லை.

முதலில் உனக்குத் திட்டு. நான் அடைத்த கிரவுட் தானாக உதிராது. ஒன்று, ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறாய். இல்லாவிட்டால் உன் தையல் மிஷினை அறைக்கு அறை தரதரவென்று இழுத்திருக்கிறாய். இரண்டையும் நிறுத்து.

இனி வேலையைக் கேள். உதிர்ந்த இடத்தை மட்டும் அடைக்காதே. அதற்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் நல்ல கிரவுட்டையும் கூரான எதையாவது வைத்துச் சுரண்டி எடு. பாதி ஆழமாவது போக வேண்டும். மேலாகப் பூசினால் பொருக்கு மாதிரி பெயர்ந்து வந்துவிடும். தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடை. பவுடரைப் பல்பசை பதத்துக்குக் குழைத்துப் பத்து நிமிஷம் விட்டுவிட்டு மறுபடியும் குழை. பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி, அதைச் சாய்த்துப் பிடித்து இடுக்கில் அழுத்து. கால் மணி கழித்து, பிழிந்த ஸ்பாஞ்சால் குறுக்காகத் துடைத்துவிடு. அப்புறம் ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் யாரும் காலை வைக்கக் கூடாது. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் தாண்டித் தாண்டிப் போனால் குறைந்துவிட மாட்டீர்கள்.

டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார். டொப்பென்று கேட்டால் அடியில் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று டேப் வைத்து அளந்து எழுது.

கேட்காதே என்றாய், கேட்கவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். ஊரார் போட்ட தரையில் எல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிற சூப்பர்வைசர் ஐயா, சொந்த வீட்டு இடுக்கைக் குனிந்து பார்க்க மாட்டாரா? அந்த ஹாஸ்டல் கட்டடத்தில் நாற்பது பேர் நடுவில் "வாட்டம் தப்பு, தண்ணி நிக்கும். எல்லாத்தையும் பேத்து எடுங்க. அப்பா, நீங்க போய் அப்படி உக்காருங்க" என்றான். மட்டம் பிசகாதவன் என்று முப்பது வருடம் என்னை ரசமட்டம் என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அன்றைக்குச் சாயங்காலம் வெறும் மேஸ்திரி என்றார்கள். அன்று உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
முன்னாள் ரசமட்டம்


ஜூன் 22

அன்புள்ள மாமாவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. ஆசிட்டும் ஊற்றவில்லை, மிஷினையும் இழுக்கவில்லை. தையல் பிரிக்கிற கொக்கியால் சுரண்டினேன், அருமையாக வருகிறது. ஒரு பழைய செருப்புக்கு நல்ல காலம் பிறந்தது. முதலில் குழைத்தது தண்ணீராக ஓடிவிட்டது. இரண்டாவது தடவை பதம் வந்தது.

எல்லா டைல்ஸையும் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். எங்கேயும் டொப்பென்று கேட்கவில்லை. நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

தையல் டேப்பால் அளந்தேன். படுக்கையறைக் கட்டிலின் இடது ஓரத்தில் ஆரம்பித்து, கூடத்தைக் கடந்து, பாத்ரூம் வாசல் வரைக்கும் இருபத்து நான்கு அடி. எல்லாம் ஓரடி டைல்ஸ் ஆகையால் அடிக்கு ஒரு குறுக்கு இடுக்கு. ஒவ்வொரு இடுக்கிலும் இரண்டே இரண்டு இடத்தில்தான் உடைந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருபத்திரண்டு அங்குலம். எங்கே அளந்தாலும் அதே இருபத்திரண்டு. பாத்ரூம் வாசலில் மட்டும் வளைந்து திரும்புகிறது. மற்ற இடமெல்லாம் நீங்கள் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

ஒரு நாள் முழுக்க மிதிக்காமல் இருக்க முடியாது மாமா. இரண்டு மணி நேரத்தில் இறுகுகிற பவுடர் ஏதாவது உண்டா? தாண்டிப் போகச் சொல்கிறீர்கள். தாண்ட முடியாது. மேலே பலகை போட்டுப் பார்த்தேன், பலகை சறுக்குகிறது. இதற்கு மேல் எழுதினால் சத்தியத்தை மீறியவள் ஆவேன்.

அன்புடன்,
மருமகள்


ஜூலை 1

மருமகளுக்கு,

உன் அளவுகளை எல்லாம் குடோன் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தேன். முதலில் கட்டில் கால் என்று நினைத்தேன். கட்டில் பாத்ரூமுக்குப் போகாது. சாமான் வண்டி என்று நினைத்தேன். வீட்டுக்குள் தினமும் சாமான் ஏற்றுகிறவர் யார்?

ரொம்ப நாளைக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் தரை வேலை பார்த்தேன். அங்கே வராந்தாவில் இதே மாதிரி இரண்டு வரிசை. திரும்புகிற இடத்தில் இதே வளைவு.

அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். நீ நடந்து நடந்து தரையை அளந்திருக்கிறாய். சக்கர நாற்காலியில் இருப்பது யாரம்மா? சத்தியம் கித்தியம் என்று சொல்லாதே. நீ சொல்லவில்லை, தரை சொல்லிவிட்டது. எத்தனை நாளாக?

மாமா


ஜூலை 9

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். என் சத்தியம் தப்பித்தது.

உங்கள் மகன்தான். சக்கர நாற்காலிக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. முதலில் வேலை நடக்கிற இடத்தில் படி ஏறும்போது கால் தடுக்கியது. செருப்பு சரியில்லை என்று மூன்று செருப்பு மாற்றினோம். பிறகு அளவு டேப்பை விரலால் பிடிக்க முடியவில்லை. தசைகளுக்கு உத்தரவு போடுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன என்று டாக்டர் சொன்னார். கால், கை, அப்புறம் பேச்சு, அப்புறம் மூச்சு. மருந்து இல்லை என்பதையும் அவரே சொன்னார். உங்களுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று உங்கள் மகன் சொன்னதற்குக் காரணம் கோபம் இல்லை. "பாவம் பாத்துட்டு வருவாரு. அப்படி வர வேண்டாம்" என்றார்.

நாற்காலியின் முன் சக்கரம் சின்னது. பள்ளத்தில் இறங்கினால் டக்கென்று நிற்கும். அவருக்குக் கழுத்தில் பிடிப்பு இல்லை. தலை முன்னால் விழுந்து திரும்பி வரும். வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். பாத்ரூமுக்குப் போய் வர நாற்பத்தெட்டுத் தடவை மூடுவார். அதனால்தான் எழுதினேன் மாமா. அழகு பார்ப்பதற்காக இல்லை.

நீங்கள் சொன்னபடி முதல் ஆறு இடுக்கை அடைத்துவிட்டேன். ஒரு நாள் முழுக்க அவர் கட்டிலிலேயே இருந்தார். அந்த ஆறு அடியில் இப்போது அவர் கண்ணை மூடுவதில்லை.

நீங்கள் வந்துவிடுங்கள். மிச்சத்தை நீங்கள் அடையுங்கள்.

மருமகள்


ஜூலை 24

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் பேனா ஓடவில்லை. என் மகன் எட்டு மாதத்தில் நடந்தவன். சிமெண்ட் காய்வதற்குள் ஓடி வந்து நான் போட்ட தரையில் எல்லாம் கால் பதித்துவிடுவான், அடித்து விரட்டுவேன். அந்தக் கால் போய்விட்டதா? எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை.

இத்துடன் கடை லாரியில் இரண்டு பாக்கெட் அனுப்புகிறேன். ஒன்றரை மணி நேரத்தில் கல்லாகும். கொஞ்சம் கொஞ்சமாகக் குழை, இல்லாவிட்டால் கிண்ணத்திலேயே இறுகிவிடும்.

இன்னொன்று. அந்த ஹாஸ்டலில் வாட்டம் தப்புதான். அன்றைக்கு எல்லோரும் சாப்பிடப் போனபோது நானே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் மூலையில் போய் நின்றது. அவன் சொன்னது சரி. இதை அவனிடம்தான் சொல்ல வேண்டும், உன்னிடம் எழுதுவது முறையில்லை. ஆனால் போய் உட்காருங்கள் என்று சொன்ன வாயால் அவன் ஒரு தடவை "வாங்கப்பா" என்று சொல்லட்டும். அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். கூப்பிடாமல் வந்து நின்றால், அவன் சொன்ன மாதிரி, பாவம் பார்த்து வந்தவன் ஆகிவிடுவேன்.

மாமா


ஆகஸ்ட் 2

அன்புள்ள மாமாவுக்கு,

பாக்கெட் வந்தது. முதல் கிண்ணம் நீங்கள் சாபம் கொடுத்தபடியே இறுகிவிட்டது. மிச்சத்தில் இருபத்து நான்கு இடுக்கையும் முடித்துவிட்டேன். பழைய கிரவுட் அழுக்கேறிப் பழுப்பாக இருக்கிறது, புதியது வெளேரென்று இருக்கிறது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் இரண்டு வரிசை வெள்ளைப் பொட்டு. நாற்காலி இப்போது சத்தமே இல்லாமல் போகிறது.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். வாளித் தண்ணீர் விஷயம் வந்தபோது சிரித்தார். "வாட்டம்தான் பாக்கத் தெரியல. இடுக்கு அடைக்கிறதுல அவர மிஞ்ச ஆள் கிடையாது" என்றார். அவர் பேச்சு குழறிவிட்டது, எனக்கு மட்டும்தான் புரியும். நேற்று நான் தலைமுடி சீவிவிடும்போது, "அப்பாவ வரச் சொல்லு" என்றார். எனக்குச் சரியாகக் கேட்டதா என்று திரும்பக் கேட்டேன். "வரச் சொல்லு" என்றார்.

கூப்பிட்டாயிற்று. அடுத்த பஸ் எப்போது?

மருமகள்


ஆகஸ்ட் 13

அன்பு மருமகளுக்கு,

நீ தங்கமான பெண். என் மகன் கொடுத்து வைத்தவன். அதனால்தான் எனக்குச் சந்தேகம். பதினான்கு மாதம் ஒரு விஷயத்தை மறைக்கத் தெரிந்தவளுக்கு ஒரு வார்த்தையை உண்டாக்கத் தெரியாதா? எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைக்க நினைக்கிறாய். தப்பில்லை. ஆனால் நான் வந்து நிற்க, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதைத் தாங்குகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

போனில் அவன் குரலைக் கேட்கலாம் என்றால் எனக்குக் காது இல்லை. அவன் கையால் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பச் சொல். கிறுக்கலாக இருந்தாலும் போதும். அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவன் நான். பார்த்தால் தெரிந்துவிடும்.

மாமா


ஆகஸ்ட் 21

மாமாவுக்கு,

அவர் கையால் கேட்டீர்கள். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பேனாவை விரலோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். எழுதியது அவர். 'வா' என்று ஒரே ஒரு எழுத்து. உங்களை ஒருமையில் கூப்பிடுவதற்கு அவர் வருத்தப்பட்டார். 'வாங்க' எழுதக் கையில் தெம்பு இல்லை.

நேற்றிலிருந்து குரலும் இல்லை. இனிமேல் வரி கேட்காதீர்கள், வார்த்தை கேட்காதீர்கள். கிளம்பி வாருங்கள்.

மருமகள்


செப்டம்பர் 29

அன்பு மருமகளுக்கு,

நலமாக இருப்பாய் என்று எழுத மனம் வரவில்லை. சாப்பிடுகிறாயா? தையல் வேலையை மறுபடியும் ஆரம்பி, சும்மா உட்கார்ந்திருக்காதே. எனக்கும் இங்கே பெட்டி எண்ணுகிற வேலை இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு உன் வீட்டுக் கூடத்தில் நான் கேட்டபோது நீ மறைக்காமல் உண்மையைச் சொன்னாய் அல்லவா, அது எனக்குப் பெரிய உபகாரம். அந்த 'வா' அவன் எழுத்து மாதிரி இல்லை என்று பார்த்ததுமே எனக்குப் பட்டது. நீ எழுதினாய் என்று தெரிந்ததும் உன் மேல் கோபம் வரவில்லை. நல்ல மனசோடு செய்தாய்.

அவன் என் ரத்தம். பிடிவாதம் எங்கே போகும்? கடைசி வரைக்கும் என்னைக் கூப்பிடாமலே போய்விட்டான். நான் அவனை மன்னித்துவிட்டேன். தகப்பன் மன்னிக்காமல் யார் மன்னிப்பது? இதை நினைத்த பிறகு மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது, படுத்தால் தூக்கமும் வருகிறது. நீயும் அவன் மேல் வருத்தம் வைக்காதே.

அவனுடைய அப்பா


அக்டோபர் 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் 'மன்னித்துவிட்டேன்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எதற்காக அவரை மன்னிக்கிறீர்கள்?

அவர் போனது வியாழக்கிழமை. நீங்கள் வந்தது சனிக்கிழமை. கையில் பை, பைக்குள் கரணையும் ஒரு பாக்கெட் பவுடரும். வாசலில் கிடந்த செருப்புக் கூட்டத்தைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு, கூடத்தில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தீர்கள். "திங்கக்கிழமையே வந்துடுச்சும்மா. நாலு நாளா கையிலயே வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். இத எழுதினது அவனா, நீயா? உண்மையச் சொல்லு" என்றீர்கள்.

பஸ்ஸில் ஒரு நாள் பயணம். திங்கட்கிழமை கிளம்பியிருந்தால் செவ்வாய்க்கிழமை வந்திருப்பீர்கள். செவ்வாயும் புதனும் அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். இதே கணக்கு உங்கள் மனதிலும் ஓடுகிறது என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எழுபது வயதில் அதைச் சுமந்துகொண்டு தனியாகப் பஸ் ஏற வேண்டாம் என்று நினைத்தேன். "நான்தான் எழுதினேன் மாமா" என்றேன். நீங்கள் மூச்சு விட்டீர்கள். "எனக்குத் தெரியும்" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் டீ குடித்தீர்கள். நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

இப்போது உங்கள் கடிதம் வந்திருக்கிறது. நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக நான் அவரைக் கல்நெஞ்சுக்காரர் ஆக்கிவிட்டேன். அவர் வந்து இல்லை என்று சொல்ல முடியாது. நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. பவுடர் கேட்டபோது லாரியில் அனுப்பினீர்கள். உங்களைக் கேட்டபோது அத்தாட்சி கேட்டீர்கள்.

அதை எழுதியது அவர் மாமா. தாள் நகராமல் பிடித்துக்கொண்டது மட்டும்தான் நான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை போதும் என்றேன், கண்ணாலேயே மாட்டேன் என்றார். உங்களுக்கு இது எப்படி வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்கள் மகன் உங்களைக் கூப்பிட்டார்.

தாளைத் தபாலில் சேர்த்த நாளிலிருந்து, கேட் திறக்கிற சத்தம் கேட்டால் அவர் கண் அந்தப் பக்கம் போகும். பால்காரர் வருவார், கேஸ்காரர் வருவார், துணி தைக்கக் கொடுத்தவர்கள் வருவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா இல்லைங்க, வேற யாரோ" என்று சொல்வேன். வியாழக்கிழமை காலையிலும் ஒரு தடவை சொன்னேன்.

மருமகள்